எடுத்துக் கொடுத்த வசனம்

ஜூலை 6, ஞாயிறு

காலையில் முருங்கைக்காய் சாம்பார், வாழைக்காய் வறுவல். இவர் சாப்பிட்டு எழுந்ததும் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மூன்று மணி ஒத்திகைக்குப் போனேன். உறையூரில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி. பெஞ்சுகளைச் சுவரோரமாகத் தள்ளிவிட்டால் அதுதான் எங்கள் மேடை.

அமலதாஸ் சார் நல்ல செய்தியோடு காத்திருந்தார். ஆகஸ்டில் நடக்கும் குறுநாடக விழாவுக்கு எங்கள் நாடகம் முதல் சுற்றில் தேறிவிட்டது. இந்த மாதம் இருபதாம் தேதி விழாக் குழுவிலிருந்து இரண்டு பேர் ஒத்திகை பார்க்க வருவார்கள். அவர்களுக்குத் திருப்தி என்றால் மேடை ஏறலாம். 'விற்பனைக்கல்ல' என்று பெயர். சார் எழுதியதுதான். இருபது நிமிடம், இரண்டே பாத்திரங்கள். வீட்டை விற்க வேண்டிய நிலையில் இருக்கும் ஒரு பெண்மணி, வாங்க வந்தவனுக்கு ஒவ்வொரு அறையாகக் காட்டுகிறாள். காட்டக் காட்ட அவளுக்கே விற்க மனம் வராமல், அறைக்கு ஒரு குறை சொல்லி அவனை விரட்டப் பார்க்கிறாள். நிறைய சிரிப்பு, முடிவில் அழுகை.

வாங்க வருகிறவனாக தாவூத். செல்போன் கடை வைத்திருக்கும் பையன், பையன் என்ன, முப்பத்தைந்து வயது. பெண்மணியாக மங்கையர்க்கரசி அக்கா.

எனக்கு வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை. மேடையின் இடது பக்கத் திரைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, நடிக்கிறவர் திணறினால் அடுத்த வசனத்தின் முதல் இரண்டு வார்த்தைகளை மெல்லச் சொல்ல வேண்டும். நான் இருந்தால்தான் தனக்கு நிம்மதி என்றார் சார். சரிங்க சார் என்றேன்.

ஏழு வருடமாகக் குழுவில் இருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி, நர்ஸ், உள்ளேயிருந்து கேட்கும் அழுகைக் குரல். இந்தமுறை பெரிய வேஷம் எனக்கு வரும் என்று ஏன் நினைத்தேனோ. சார் அப்படி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

ஜூலை 9, புதன்

கல்லூரி நூலகத்தில் நாள் முழுவதும் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை போட்டோம். விரலெல்லாம் பசை.

சாயங்காலம் முளைக்கீரை ஆய்ந்துகொண்டே நாடகத்தை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். எங்கேயும் தடங்கவில்லை. யாரிடம் பேசுகிறாய் என்று இவர் எட்டிப் பார்த்தார். எடுத்துக் கொடுக்கிறவளுக்கு மனப்பாடமாக இருப்பது நல்லது என்றேன். அப்படி ஒன்றும் அவசியம் கிடையாது. கையில் தாள் இருக்கும்.

ஜூலை 13, ஞாயிறு

மங்கையக்காவுக்கு அறுபத்தொரு வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. மகள் ரஞ்சனியோடு இருக்கிறார். தில்லை நகரிலிருந்து ஸ்கூட்டியில் வருவார், ஹெல்மெட்டைக் கழற்றியதும் ஒரு முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் நீட்டுவார்.

நன்றாக நடிக்கிறார். எழுதத்தான் வேண்டும். சமையலறைக் காட்சியில், "இந்த அடுப்படில ரெண்டு பேர் நின்னா ஒருத்தர் வெளிய போயாகணும். முப்பது வருஷமா நான்தான் போயிருக்கேன்" என்று அவர் சொல்லும்போது தாவூத் தன் வசனத்தை மறந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இன்று அவர் மூன்று இடத்தில் தடங்கினார். தாவூத் ஐந்து இடத்தில். இரண்டு பேருக்கும் எடுத்துக் கொடுத்தேன். முடிந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்திரா, நீ அங்க உக்காந்திருக்கேங்கற தைரியத்துலதான் நான் நிக்கிறேன்" என்றார்.

முறுக்கு கொஞ்சம் நமுத்திருந்தது.

ஜூலை 16, புதன்

மின்தடை. ஒத்திகை இல்லை. தோசை மாவு புளித்துவிட்டது.

ஜூலை 20, ஞாயிறு

விழாக் குழுவினர் வந்தார்கள். ஒரு பேராசிரியை, இன்னொருவர் ஊரில் பழைய நாடகக்காரர். முன்வரிசையில் நாற்காலி போட்டு, டீ கொடுத்து உட்காரவைத்தோம்.

முதல் ஏழு நிமிடம் மிக நன்றாகப் போயிற்று. இரண்டு பேரும் சிரித்தார்கள். சமையலறைக் காட்சிக்கு வந்ததும் மங்கையக்கா நின்றார். வழக்கமாக அங்கே ஒரு நொடி நிற்பார். இன்று இரண்டு மூன்று நொடி ஆயிற்று. என் பக்கம் லேசாகத் தலையைச் சாய்த்தார்.

மழை ஈரத்தில் தாள்கள் இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. அதனால் தவறு நேர்ந்தது. "இந்த அடுப்படில" என்று எடுத்துக் கொடுக்க வேண்டிய இடத்தில் "இந்த ஜன்னலை" என்று கொடுத்துவிட்டேன். அது நாலு பக்கம் தள்ளி, படுக்கையறைக் காட்சியில் வருவது.

அக்கா அப்படியே பிடித்துக்கொண்டு, "இந்த ஜன்னலைத் திறந்தா எதிர்வீட்டுச் சண்டை முழுசும் கேக்கும்" என்று சொல்லிவிட்டார். தாவூத்துக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அக்கா தவறைப் புரிந்துகொண்டு திரும்பி வந்தார், ஆனால் பதற்றத்தில் ஏற்கெனவே சொன்ன கூடத்துக் காட்சி வசனத்தை மறுபடி சொன்னார். அதன்பிறகு கடைசி வரை சரியாகவில்லை. பேராசிரியை தன் குறிப்பேட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

எல்லோரும் கீழே இறங்கிய பிறகு அக்கா என்னிடம் வந்து, "ஜன்னல்னா எடுத்துக் குடுத்தே?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"இல்லக்கா. அடுப்படின்னுதான் சொன்னேன்" என்றேன்.

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப எனக்குத்தான் அப்படிக் கேட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனார்.

ஜூலை 21, திங்கள்

மதியம் சார் போன் செய்தார். விழாக் குழுவுக்கு நாடகம் பிடித்திருக்கிறது, ஆனால் அந்த அம்மாவால் மேடையில் தாக்குப்பிடிக்க முடியுமா என்று கேட்கிறார்களாம். என்னிடமும் கேட்டார், சமீபமாக மங்கையக்காவுக்கு ஞாபகம் தப்புகிறதா, நான்தான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன் என்று.

போன வாரம் கண்ணாடிக் கூட்டை விட்டுவிட்டுப் போனதைச் சொன்னேன். இன்றைக்கு என்ன தேதி என்று இரண்டுமுறை கேட்டதைச் சொன்னேன். இரண்டும் நடந்தவைதான். ஒன்றைக்கூட நான் இட்டுக்கட்டவில்லை.

சார் பெருமூச்சு விட்டார். "உங்களுக்கு வசனம் தெரியுமாம்மா?" என்றார்.

தெரியும் என்றேன்.

ஜூலை 22, செவ்வாய்

நாடகத்துக்கென்று ரவிக்கை தைக்கக் கொடுத்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

முதல்முறையாக மேடையின் நடுவில் நின்றேன். எடுத்துக் கொடுக்க சாரே உட்கார்ந்தார். ஒரு இடத்திலும் தேவைப்படவில்லை. நன்றாக வருகிறது என்றார். தாவூத் பெஞ்சுகளை இழுத்துப் போடப் போய்விட்டான். மங்கையக்கா வரவில்லை. முறுக்கும் இல்லை. சார் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார், யாரும் எடுக்கவில்லை.

திரும்பி வந்து துணி மடித்துக்கொண்டிருந்தபோது ரஞ்சனி போன் செய்தாள். சார் அவளிடம் பேசியிருக்கிறார். அவள் அம்மாவை நரம்பு மருத்துவரிடம் அழைத்துப்போயிருக்கிறாள். ஸ்கேன் எடுத்தாயிற்று, நினைவுச் சோதனை என்று படம் காட்டிக் கேள்வி கேட்டார்களாம். அதிலெல்லாம் பெரிதாக ஒன்றும் இல்லை.

"ஆனா ஆன்ட்டி, யாரும் சொல்லாத வார்த்தை காதுல விழுந்துச்சுன்னு அம்மாவே டாக்டர்கிட்ட சொன்னாங்க. அதைக் கேட்டதும் அவர் முகம் மாறிருச்சு. மாத்திரை குடுத்திருக்கார். ஸ்கூட்டி சாவியை நான் எடுத்து ஒளிச்சு வச்சிட்டேன். நான் செஞ்சது சரிதானே ஆன்ட்டி?"

சரிதான் என்றேன். வேறென்ன சொல்வது? போனை வைத்தபிறகு மடித்த துணியையே மறுபடி உதறி மடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 30, புதன்

தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன என்று இருபதாம் தேதி எழுதியிருக்கிறேன். அதை இன்று எடுத்துப் படித்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

சொல்லிவிடுவது என்று தீர்மானித்து ஆறு சாத்துக்குடியும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டு தில்லை நகருக்குப் போனேன்.

மங்கையக்கா மெலிந்திருந்தார். மாத்திரை தூக்கத்தைக் கொண்டுவருகிறதாம், பேச்சு இழுத்து இழுத்து வந்தது. சாப்பாட்டு மேசையில் ஒரு நோட்டு விரித்து வைத்திருந்தார். கேஸை அணைத்தேன், 9.10. மோட்டார் போட்டேன், 9.30. மோட்டார் நிறுத்தினேன், 9.50. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு டிக். எக்ஸ்சேஞ்சில் முந்நூறு நம்பர் மனப்பாடமாக வைத்திருந்தவர். இப்போது கேஸை அணைத்ததையே எழுதிவைக்காமல் நம்ப முடியவில்லை என்றார். ரஞ்சனி காபி கலந்தால்கூட, அடுப்பை அணைத்தாளா என்று தானே போய்ப் பார்க்கிறாராம். பார்த்துவிட்டு வந்தாலும் பார்த்தோமா என்று சந்தேகம் வருகிறதாம்.

ரஞ்சனி உள்ளே போயிருந்த நேரத்தில் என் பக்கம் குனிந்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் இந்திரா. தப்பா நினைச்சுக்காதே. அன்னிக்கு நீ அடுப்படின்னுதான் சொன்னியா? நல்லா யோசிச்சுச் சொல்லு. வாய் தவறி வந்திருந்தாலும் பரவால்ல. எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

இதைவிட எளிதாக ஒருவருக்கு வழி விட முடியாது. வாய் தவறிவிட்டது என்று மட்டும் சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்தான், ஆனாலும் அவர் பிழைத்திருப்பார்.

ரஞ்சனி காபியோடு வந்தாள். இன்னும் இரண்டு வாரத்தில் விழா என்பது எனக்கு ஞாபகம் வந்தது. "அடுப்படின்னுதான்க்கா" என்றேன்.

காபியை முழுதும் குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது என்றுகூடச் சொன்னேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தாள்கள் ஒட்டவில்லை.

சரியான பக்கத்தில்தான் இருந்தேன். தாளைப் பார்க்கவும் இல்லை. அக்கா என் பக்கம் தலையைச் சாய்த்தபோது பேராசிரியை சிரித்துக்கொண்டிருந்தார், அந்தச் சிரிப்பு எனக்கு எரிந்தது. "இந்த" என்று தொடங்கினேன். அடுத்த வார்த்தைக்கு முன்னால் யோசிக்க நேரம் இருந்தது. கொஞ்சம்தான், ஆனால் இருந்தது.

அதற்குமேல் எழுத முடியவில்லை. உளுந்து ஊறவைக்க வேண்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஒத்திகை முடிந்து பெஞ்சுகளை இழுத்துப் போடும்போது தாவூத் என்னைத் தனியாக நிறுத்தினான். அந்த இருபதாம் தேதி அவன் மேடையில் எனக்கு ஐந்தடி தள்ளி நின்றிருந்தான்.

"அக்கா, அன்னிக்கு எனக்கும் ஜன்னல்னுதான் கேட்டுச்சு" என்றான்.

நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் மறுத்தது தெரியவந்ததும் தனக்குத்தான் தப்பாகக் கேட்டிருக்கும் என்று இருந்துவிட்டதாகச் சொன்னான். பிறகு டாக்டர், மாத்திரை என்று கேள்விப்பட்டதிலிருந்து கடையில் உட்கார முடியவில்லை. சாரிடம் சொல்லலாம் என்றால், நாடகம் நின்றுவிடுமே என்று தனக்கும் இருந்த மேடை ஆசை தடுத்தது என்றான். "எனக்கும் இதுல வெட்கம்தான். ஆனா நான் சொல்றதைவிட நீங்க சொன்னா நல்லாருக்கும். விழா முடியட்டும்னு இருந்துறாதீங்கக்கா."

சொல்கிறேன் என்றேன். எப்போது என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாளைக்கு என்றிருப்பேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நாளைக்கு.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. ரவிக்கை கை கொஞ்சம் இறுக்கம், பிரித்து விட்டேன். தாவூத் மூன்றுமுறை போன் செய்தான். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

எங்களுடையது நான்காவது நாடகம். அரங்கு நிறைந்திருந்தது. ஒப்பனை அறையில் அடுத்த குழுவின் பெண்கள் பவுடரும் ஹேர்பின்னும் கடன் கேட்டுக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். தாவூத் எனக்கு முதுகைக் காட்டி நின்றான். சார் எங்கள் இரண்டு பேர் தலையிலும் கைவைத்து ஜெபித்தார். என் தலையில் அந்தக் கை இருந்தவரை நான் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன்.

விளக்கு வந்தது. முதல் சிரிப்பு கேட்டதும் பயம் போய்விட்டது. நான் நன்றாகச் செய்தேன். இதையும் மறைக்கப்போவதில்லை. ஏழு வருடம் காத்திருந்தது அந்தச் சிரிப்புக்குத்தான்.

கூடத்துக் காட்சியில் முன்பக்கம் திரும்பிப் பேச வேண்டும். இரண்டாவது வரிசையில் மங்கையக்கா உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ரஞ்சனி அவர் முழங்கையைப் பிடித்தபடி. மேடை வெளிச்சம் அவர் முகத்தில் பட்டது. உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. நான் சொல்லச் சொல்ல அவரும் சொன்னார், சத்தமில்லாமல், ஒரு வார்த்தை பிசகாமல். சமையலறை, படுக்கையறை, கிணற்றடி என்று தாவூத்தின் வசனங்களையும் சேர்த்து, இருபது நிமிடமும்.

அவரைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். முடிவில் வீட்டுப் பத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அழ வேண்டும். எனக்கு அழுகை நிற்கவில்லை. விளக்கு அணைந்த பிறகும் நிற்கவில்லை. கைதட்டல் பெரிதாக இருந்தது. எல்லோரும் அதை நடிப்பென்று நினைத்தார்கள்.

பிறகு மங்கையக்கா மேடைக்குப் பின்னால் வந்தார். படி ஏறும்போது ரஞ்சனி ஒவ்வொரு படியாகச் சொல்லிக் கூட்டிவந்தாள், குழந்தைக்குச் சொல்வதுபோல. என் கன்னத்தைத் தொட்டு, "என்னைவிட நல்லாப் பண்ணினே" என்றார். தாவூத் அங்கேதான் நின்றிருந்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலை பத்து மணிக்குத் தில்லை நகர் போனேன். பழம் எதுவும் வாங்கவில்லை.

இரண்டு பேரையும் உட்காரச் சொல்லி, நின்றுகொண்டே சொன்னேன். ஜன்னல் என்றுதான் எடுத்துக் கொடுத்தேன். வாய் தவறி அல்ல. வேண்டுமென்றேதான். பிறகு இரண்டுமுறை உங்கள் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னேன். கண்ணாடிக் கூடு, தேதி இவற்றையெல்லாம் சாரிடம் சொன்னதும் நான்தான்.

ரஞ்சனி எழுந்து உள்ளே போய் மாத்திரை அட்டைகளை எடுத்துவந்து எனக்கு முன்னால் மேசையில் வைத்தாள். "இருபத்தொரு நாள் ஆன்ட்டி" என்றாள். "மத்தியானம் மூணு மணிக்கு எழுப்பினா, காலைல ஆயிருச்சான்னு கேப்பாங்க. அதையும் வியாதின்னு நினைச்சு நான் அழுதிருக்கேன்." அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மங்கையக்கா என்னைப் பார்க்கவே இல்லை. மேசையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "அன்னிக்குச் சொன்ன மாதிரியே சொல்லு" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"திரைக்குப் பின்னால இருந்து எப்படிச் சொன்னியோ அதே மாதிரி. அதே சத்தத்துல."

"இந்த ஜன்னலை" என்றேன் கிசுகிசுப்பாக.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இன்னொரு தடவை."

சொன்னேன். மூன்றாவது முறையும் சொல்லவைத்தார். அவர் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. "இதேதான்" என்று ரஞ்சனியைப் பார்த்துச் சொன்னார். "இதேதான்டி எனக்குக் கேட்டுச்சு. சரியாத்தான் கேட்டிருக்கு."

ரஞ்சனி அவரைக் கட்டிக்கொண்டாள். நான் அங்கே நிற்பதை இருவரும் மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மறக்கவில்லை. மகளின் தோளுக்கு மேலாக அக்கா என்னிடம், "நீ கிளம்பு" என்றார்.

ஆட்டோவில் வரும்போது சார் போன் செய்தார். விழாவின் சிறந்த நடிகை நான்தானாம், மாலை ஐந்து மணிக்குப் பரிசளிப்பு, நாடக உடையிலேயே வந்துவிடுங்கள் என்றார். ஆட்டோ ஓட்டுகிறவர் கேட்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். பரிசளிப்புக்கு வர வேண்டாம், அடுத்த ஞாயிறு குழு கூடும்போது வாருங்கள் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 20, புதன்

நூலகத்தில் உடன் வேலை செய்கிறவர்கள் நாடகத்தைப் பற்றி நாளிதழில் வந்த செய்தியை வெட்டி என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்கள். என் பெயர் அதில் இருந்தது. இனிப்பு எங்கே என்று கேட்டார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டு மதியமே வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மாடியில் மொத்தக் குழுவும் இருந்தது, பதினொரு பேர். மங்கையக்காவும் வந்திருந்தார். சார் சொல்லச் சொன்னபடி எல்லோர் முன்னாலும் நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் தாவூத் எழுந்து, தெரிந்தும் பேசாமல் இருந்தது தன் தவறு என்றான்.

பரிசைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சார் சொன்னார். விழாக் குழுவுக்கு உண்மையை எழுதியிருக்கிறாராம். விசாரிக்காமல் ரஞ்சனியிடம் பேசியதற்கு மங்கையக்காவிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். பிறகு, நான் குழுவில் தொடர்வதா வேண்டாமா என்பதை அக்காவே சொல்லட்டும் என்றார்.

அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டுப் பேசினார். மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் ஆகிறதாம். பேச்சு பழையபடி தெளிவாக இருந்தது.

"அதை என்கிட்ட விடாதீங்க சார். இருன்னு சொன்னா நான் மன்னிச்ச மாதிரி ஆயிரும். போன்னு சொன்னா பழிவாங்கின மாதிரி ஆயிரும். எனக்கு ரெண்டும் இன்னும் வரல. இப்பவும் கேஸை அணைச்சிட்டு மூணு தடவை போய்ப் பாக்குறேன். ஏன் பாக்குறேன்னு எனக்குத் தெரியுது, ஆனாலும் பாக்காம இருக்க முடியல. அது என்னைக்கு நிக்குதோ அன்னிக்கு என்கிட்ட கேளுங்க."

நான் வரவில்லை சார் என்று நானே சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் இவர் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து நானும் உரித்தபடி முதலிலிருந்து சொன்னேன். இத்தனை நாளில் இவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. இவர் உரிப்பதை நிறுத்திவிட்டார்.

"அந்தம்மா மேல உனக்கு அப்படி என்ன கோபம்?" என்று கேட்டார்.

எனக்கே அப்படி ஏதாவது கிடைக்காதா என்று இந்த ஒரு மாதமும் தேடியிருக்கிறேன். அவமானப்படுத்தினார், மட்டம் தட்டினார், ஒரு சொல் சொன்னார் என்று. ஒன்றும் இல்லை. முறுக்கு கொடுத்தார், கையைப் பிடித்துக்கொண்டார்.

"கோபம் இல்லைங்க" என்றேன். "அவங்க நல்லாப் பண்ணினாங்க. எனக்கு அது வேணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான்."

இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடத்தில் இவர் என்னை இப்படிப் பார்த்ததில்லை. நான் கண்ணை எடுக்கவில்லை.